வேற என்று எழுதினவள்

டார்ச் அடித்துப் பார்க்காமல் அவள் எதையும் நம்பியதில்லை. மருந்துத் தூளை மட்டும் சொல்லவில்லை. கேன்டீன் சாம்பாரை அடித்துப் பார்ப்பாள். வேன் சீட்டில் உட்காரும் முன் அடித்துப் பார்ப்பாள். என் நிச்சயதார்த்தப் புடவையைக் கொண்டுபோய்க் காட்டியபோது அதன் ஜரிகை மேலும் சாய்த்து அடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது. ஆனா கடைக்காரன் சொன்ன ஜரிகை இது இல்லக்கா" என்றாள். இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வீம்புக்குக் கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் வேறு புடவை எடுத்துக் கொடுத்தார்.

பேரை எழுதமாட்டேன். எழுதினால், "இன்னாத்துக்குக்கா என் பேர இஸ்துகினு போய் ஊர்ல உட்ட" என்று சண்டைக்கு வருவாள். கம்பெனியில் அவளை எல்லாரும் மில்லுக்காரி என்றுதான் சொன்னார்கள். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். இன்றைக்கும் புதுப் பெண்கள் யாராவது லேபில் வேலைக்குச் சேர்ந்தேன் என்று என்னிடம் சொன்னால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது என் காலேஜ் வாத்தியார்கள் இல்லை, அவள்தான்.

பொன்னேரிக்கு அந்தப் பக்கம் இருந்த மருந்துக் கம்பெனி அது. மாத்திரை செய்கிற இடம் இல்லை. மாத்திரைக்குள் போகிற மருந்தை மட்டும் தயாரித்து, அரைத்து, டிரம்மில் அடைத்து அனுப்புவோம். பெரும்பாலும் வலிப்பு நோய்க்கான ஒரே ஒரு மருந்துதான். பெரிய கலனில் கரைந்து, ஆறி, சர்க்கரை மாதிரி மினுமினுவென்று படிகமாக இறங்கும். அதை அவள் 'கல்லு' என்பாள். அந்தக் கல்லை மில்லில் போட்டு மாவாக்குவது அவள் வேலை. மாவை வாங்கிச் சோதித்து, சரி என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. நான் எம்.எஸ்ஸி. அவள் எட்டாவது. இதை நான் அந்தக் காலத்தில் அடிக்கடி எனக்குள் சொல்லிக்கொள்வேன் என்பதையும் வெட்கத்தோடு எழுதிவைக்கிறேன்.

அவள் பசியாவரத்துக்காரி. ஏரிக்கு நடுவே இருக்கிற ஊர். விடியற்காலையில் படகில் பழவேற்காட்டுக்கு வந்து, அங்கே கம்பெனி வேனைப் பிடிப்பாள். நான் திருப்பாலைவனத்தில் ஏறுவேன். அவள் நைனாவும் புருஷனும் ஏரியில் இறால் வலை போடுகிறவர்கள். வலை நிறைந்த நாளுக்கு மறுநாள் அவள் டிபன் பாக்ஸ் மூன்றடுக்காக வரும். அன்றைக்கு நாங்கள் யாரும் கேன்டீன் பக்கம் போவதில்லை.

ஆனால் அதே வேனில், நாங்கள் ஏறியதும் டிரைவர் அவள் பக்கம் திரும்பி, மீன் நாற்றம் என்று ஒரு சென்ட் பாட்டிலை எடுத்து உஸ் உஸ் என்று அடிப்பான். நான்கைந்து பேர் சிரிப்பார்கள். நானும் ஒரு தடவை சிரித்திருக்கிறேன். அவள் கோபப்பட மாட்டாள். "அடிச்சிகினே இருண்ணா. இந்த நாத்தம் நின்னுட்சின்னா எங்க ஊட்ல அடுப்பு எரியாது" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பித் தலையைப் பின்னிக்கொள்வாள்.

முதலில் அவளைத் தரை துடைக்கத்தான் எடுத்தார்கள், காண்டிராக்டில். மில் ஓட்டிக்கொண்டிருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் துபாய்க்குப் போய்விட்ட அன்று, இவள் துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, நான் ஓட்டட்டுமா என்று கேட்டாளாம். மூன்று மாதமாக அவன் செய்ததைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். பொம்பளை மில் ஓட்டுவதா என்று சூப்பர்வைசர் இழுத்தார். "ஊட்ல கிரைண்டர் யாரு ஓட்றாங்க சார், உங்க நைனாவா?" என்று கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து எட்டு வருஷம் அந்த அறை அவளுடையது. ஆனால் காண்டிராக்ட் காண்டிராக்டாகவே இருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை கேன்டீனுக்கு வெளியே பர்மனென்ட் ஆனவர்கள் பட்டியல் ஒட்டுவார்கள். எட்டுத் தடவையும் அவள் அதை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, "செரி, அடுத்த வாட்டி" என்று போனாள்.

அவளுடைய மில் ஓட்டுகிற முறை எல்லாருக்கும் எரிச்சலைத் தரும். அரை மணி ஓட்டுவாள், நிறுத்துவாள். மில்லின் வயிற்றில் கையை வைத்துப் பார்ப்பாள். சூடாறும் வரை தொடமாட்டாள். பிறகு சல்லடையில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கம்பெனி கொடுத்த டார்ச்சை எடுத்து, விழுந்த மாவின் மேல் சாய்த்து அடிப்பாள். மினுக்கு இருந்தால் மேலே ஓட்டுவாள். "இன்னாக்கா, கல்லு ஒடஞ்சாலும் கல்லுதான. பொடிக்கல்லு. மினுக்கணும்ல" என்பாள். நான் தலையாட்டுவேன். அதில் வேதியியல் இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை.

ஒரு தடவை பொன்னேரி சந்தையில் வாங்கிய கருவாட்டை அவளிடம் பெருமையாகக் காட்டினேன். வெள்ளையாக, விறைப்பாக, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அவள் ஒன்றை இரண்டாக முறித்து என் மூக்கருகே நீட்டினாள். உள்ளே நாறியது. "தூளுப்பு போட்டுகீறான். தூளு பட்டவொடனே மேல தோலு வெறைச்சிக்கும், உள்ள உப்பு எறங்காது. கல்லுப்பு மெதுவா கரையும், உள்ள வரிக்கும் போவும்." உப்பு உப்புதானே என்றேன், பட்டதாரித் திமிரில். "உப்பு உப்புதான். வேல வேற" என்றாள். நான் கருவாட்டைக் காக்கைக்குப் போட்டேன்.

புது மேனேஜர் வந்த ஐப்பசியில்தான் அந்தத் தகராறு. கெட்டவர் இல்லை; மேலிருந்து அவரை நெருக்கினார்கள். மருந்து இன்னும் நைசாக வேண்டும், இன்னும் சீக்கிரம் வேண்டும் என்று ஆர்டர். அவர் மில் அறைக்கே வந்து வேகத்தைக் கூட்டி, சின்னக் கண் சல்லடை மாட்டச் சொல்லி, நடுவில் நிறுத்தவே கூடாது என்றார். அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. அவர் நிற்க நிற்க மொத்தத்தையும் ஒரே மூச்சில் அரைத்துக் கொடுத்தாள். மாவு தும்பைப்பூ மாதிரி விழுந்தது. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ஒவ்வொரு முறை அரைத்து முடித்ததும் ஒரு தாளில் எழுதவேண்டும். எத்தனை டிரம், எவ்வளவு எடை, எத்தனை மணிக்கு முடிந்தது. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அதில் எட்டு வருஷமாக அவள் 'சரி' என்றுதான் எழுதியிருந்தாள். அன்றைக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, மறுநாள் காலை வந்து டிரம்மைத் திறந்து பார்த்துவிட்டு, 'வேற' என்று எழுதினாள்.

மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். நானும் இருந்தேன். அவள் விரல்விட்டுச் சொன்னாள். மாவு கரண்டியில் ஒட்டுகிறது, முன்பு ஒட்டியதில்லை. டார்ச் அடித்தால் மினுக்கு இல்லை. அதே எடைதான், ஆனால் நேற்று டிரம்மில் நான்கு விரல் கூடுதலாக நின்றது. இன்று காலையில் கீழே இறங்கி, ஓரமெல்லாம் கட்டி தட்டியிருக்கிறது. "மருந்து அதேதானே?" என்றார் மேனேஜர். "எனக்கு அது தெரியாது சார். இது நான் அரைக்கிற மாவு இல்ல. வேற."

அவர் என் பக்கம் திரும்பினார். சுத்தம் பார்த்தீர்களா என்றார். பார்த்திருந்தேன், நூற்றுக்கு நூறு. கையெழுத்தும் போட்டிருந்தேன். அதாவது அந்த 'வேற' என் கையெழுத்தின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. எனக்குச் சுருக்கென்று வந்தது. "எக்ஸ்-ரேல போட்டுப் பார்த்துடறேன் சார். இன்னையோட முடிஞ்சிடும்" என்றேன்.

அந்த மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. மருந்தின் மூலக்கூறுகள் படிகத்துக்குள் செங்கல் அடுக்கியது மாதிரி வரிசையாக இருக்கும். மெஷின் அந்த வரிசையைப் படிக்கும். வரிசை ஒழுங்காக இருந்தால் தாளில் ஊசி ஊசியாகக் கோடு எழும்பும். அடுக்கு சரிந்திருந்தால் ஊசி குறைந்து மேடு தட்டும். சுத்தம் பார்க்கிற சோதனைக்கு இதெல்லாம் தெரியாது. செங்கல் எத்தனை என்றுதான் அது எண்ணும், அடுக்கியிருக்கிறதா கொட்டியிருக்கிறதா என்று பார்க்காது. மெஷினில் வைப்பதற்கு முன் மருந்தைச் சின்னக் கல் உரலில் அரைக்கவேண்டும் என்று எங்கள் லேப் புத்தகத்தில் இருந்தது, எவ்வளவு நேரம் என்று இல்லை. எப்போதும் ஒரு நிமிஷம் அரைப்பேன். அன்றைக்கு அவளுடைய வாயை நிரந்தரமாக அடைக்கவேண்டும் என்ற வேகத்தில், பழைய நல்ல மாவைப் பத்து நிமிஷம், புது மாவைப் பத்து நிமிஷம், கை வலிக்க வலிக்க அரைத்தேன். யாரும் நொட்டை சொல்லக்கூடாது என்று.

இரண்டு தாளும் அச்சு அசல் ஒரே மாதிரி வந்தன. இரண்டிலும் பாதி ஊசிகள் மழுங்கி, நடுவே பெரிய மேடாக இருந்தது. மெஷின் பழசு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். 'வேறுபாடு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு மேனேஜர் அவளிடம் சொன்னார்: 'வேற'வை அடித்துவிட்டுச் 'சரி' என்று எழுது. இந்த வருஷப் பட்டியலில் உன் பேர் இருக்கிறது, நானே பார்த்தேன். அடம்பிடித்தால் காண்டிராக்டும் இல்லை. எட்டு வருஷம் காத்திருந்த பட்டியல். அவள் தாளைப் பார்த்தாள். "நான் பாத்தத எழுதினேன் சார். பாக்காதத எப்டி எழுதறது?" என்றாள். அவ்வளவுதான். சாயங்காலம் நான்கரைக்கு அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

கேட்டருகே எனக்காக நின்றுகொண்டிருந்தாள். எனக்கு முகம் கொடுக்க இஷ்டமில்லை. அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "எப்டி பாத்தீங்க மேடம்?" என்றாள். கோபம் வந்தால்தான் நான் அவளுக்கு மேடம்.

"ரெண்டையும் நல்லா அரைச்சு, மெஷின்ல வச்சு, ஒழுங்காத்தான் பார்த்தேன். ஒரே மாதிரிதான் இருக்கு."

"அரைச்சா?"

"ஆமா. பத்து நிமிஷம். ரெண்டையும் ஒரே மாதிரி."

அவள் என்னையே பார்த்தாள். "ஜாஸ்தி அரைச்சதால கெட்டுச்சானு கேட்டா, நல்லாக் கீறதையும் எட்தாந்து அரைச்சீங்களா? அப்போ ரெண்டும் ஒண்ணாத்தான இருக்கும்?"

"உனக்கு என்ன தெரியும்னு பேசற?" என்று கத்திவிட்டு நான் வேனில் ஏறிவிட்டேன். அவளை வேனில் ஏற்றவில்லை, அட்டை இல்லையே. பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துபோனாள்.

திருப்பாலைவனம் வருவதற்குள் அவள் கேட்டது எனக்குப் புரிந்துவிட்டது. எம்.எஸ்ஸியில் படித்திருக்கிறேன், ஐயா. அரைக்கிற அடியில் படிகத்தின் அடுக்கு சரியும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். சரிந்த மருந்து தண்ணீரில் வேகமாகக் கரையும், ஈரக்காற்றை இழுக்கும், பிறகு வேறு விதமாக அடுக்கிக்கொண்டு கட்டி தட்டும், அப்போது கரைவதும் மாறும். வலிப்பு மருந்து ஒரு நாள் வேகமாகவும் ஒரு நாள் மெதுவாகவும் கரைந்தால், சாப்பிடுகிறவர் ரோட்டில் போகும்போது விழுவார். இவ்வளவும் தெரிந்த நான் உரலில் போட்டு அரைத்தேன். தெரியாத அவள் கேட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. பழைய மாவையும் புது மாவையும் உரல் பக்கமே கொண்டுபோகாமல், அப்படியே கரண்டியால் எடுத்து மெஷினில் வைத்தேன். பழசில் ஊசி ஊசியாகக் கோடு. புதுசில் பாதி ஊசிகளைக் காணோம், நடுவில் பெரிய மேடு. டிரம் ஓரத்துக் கட்டியை எடுத்து வைத்தேன். அதில் முன்பு இல்லாத இடத்தில் புது ஊசி ஒன்று எழும்பியிருந்தது. யாரும் பார்க்கவில்லை. அந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டிருக்கலாம். அந்த எண்ணம் வந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டில் படகு ஏறினேன். அத்தனை வருஷத்தில் அவள் ஊருக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. மழை விட்டு, ஏரி பழுப்பாக இருந்தது. அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து மீனைக் கீறி உப்பு அடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முழங்கையால் முடியை ஒதுக்கிவிட்டு, "குந்து மேடம்" என்றாள். இன்னும் மேடம்தான்.

நின்றபடியே சொன்னேன். "அரைக்காம பார்த்தேன். நீ சொன்னதுதான். வேற."

அவள் கை நிற்கவில்லை. இன்னொரு மீனை எடுத்தாள். "டிரம்மு அங்கதான கீது? அனுப்பிடலியே?"

வேலை போனவள் முதலில் கேட்டது அதைத்தான். அனுப்பவில்லை என்றேன். அப்போதுதான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "டீ குடிக்கிறியாக்கா?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் நைனா ஒன்றும் புரியாமல் எனக்கு ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்து போட்டார்.

திங்கட்கிழமை நான் வரச்சொல்லி அவள் வந்தாள்; கேட்டில் உள்ளே விடவில்லை. என் அட்டையைக் காவலாளி மேஜையில் வைத்துவிட்டு, இவள் என்னுடைய பொறுப்பு என்று கூட்டிப்போனேன். மேனேஜர் மேஜையில் இரண்டு ரிப்போர்ட்டையும் வைத்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார். படித்தவர்தான், மேட்டைப் பார்த்ததும் அவருக்கும் புரிந்துவிட்டது. ஆனாலும் சொன்னார்: "ரெண்டுலயும் உங்க கையெழுத்துதான் மேடம். தப்பு யாரோடதுன்னு எழுதியாகணும். மெமோ வரும்."

"எழுதுங்க சார். என்னோடதுதான்" என்றேன். அந்த வருஷம் எனக்குப் பிரமோஷன் பேச்சு இருந்தது.

"சார், மேடம் மேல எழுதாதீங்க" என்றாள் அவள். "உரல் மேல எழுதுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அரைச்சிப் பாக்கணும்னு தான சார் உங்க புக்குல போட்டுகீது? எம்மா நேரம்னு போட்லியாமே. புக்குல கீறாப்பலதான் அவங்க செஞ்சாங்க. புக்க மாத்துங்க. நாளைக்கு வேற மேடம் வந்தாலும் இதேதான செய்வாங்க?" கொஞ்சம் நிறுத்தினாள். "மில்லு வேகத்தையும் எழுதிக்குங்க சார். அரை அவர் ஓடுனா நிறுத்தணும்னு."

மில் வேகத்தைக் கூட்டியது அவருடைய தப்பு. அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. அவர் பேனாவை எடுத்து, காரணம் என்ற இடத்தில், சோதனைக்கு முன் அரைத்தது என்று எழுதினார். அதற்குக் கீழே மில்லின் வேகத்தையும் எழுதினார். அந்த ஒரு விஷயத்துக்காக அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். அந்த மருந்தை மொத்தமாகக் கரைத்து மறுபடி கல்லாக்கினார்கள். அதை அரைத்தவள் அவள்தான். அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்தினாள். மேனேஜர் வெளியே நின்று கடிகாரத்தைப் பார்த்தாரே தவிர உள்ளே வரவில்லை. லேபில் எங்கள் புத்தகத்தின் பக்கம் மாற்றப்பட்டது. அரைக்காமல் வைக்கவும் என்று அதில் இருந்தது. யார் சொல்லி மாற்றினார்கள் என்று புத்தகங்களில் போடுவதில்லை. அதனால்தான் நான் இதை எழுதுகிறேன். எனக்கு அவளை நினைத்தால் அப்படி ஒரு கர்வம். என் தங்கை ஜெயித்த மாதிரி.

அந்த வாரக் கடைசியில் பட்டியல் ஒட்டினார்கள். வேலை போன அன்று அவள் பேரை எடுத்துவிட்டு டைப் அடித்து, மேலே அனுப்பி, கையெழுத்தாகி வந்துவிட்ட பட்டியல். எனக்குப் பார்க்கப் பயமாக இருந்தது. அவள்தான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. பன்னிரண்டு பேர். அவள் பேர் இல்லை. பன்னிரண்டாவது பேருக்குக் கீழே, இடம் போதாமல் நெருக்கி, நீலப் பேனாவால் கூட்டெழுத்தில் ஒரு வரி. பக்கத்தில் மேனேஜரின் சின்னக் கையெழுத்து.

"கீழ பேனாவுல யாரு பேருக்கா எழுதிக்கீது?"

"உன் பேருதான். மில் ஆபரேட்டர்னு போட்டிருக்கு."

அவள் கிட்டே போய் அந்த வரியை விரலால் தொட்டாள். பின்னால் சாப்பிட வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். வேன் டிரைவரும் நின்றான். அவள் என் காதருகே வந்து மெதுவாகக் கேட்டாள்.

"எல்லார்தும் டைப் அடிச்சிகீது. என்துமட்டும் கையால எழுதிகீது. இது செல்லுமாக்கா?"

"நீ கையால எழுதினது செல்லிச்சில்ல?" என்றேன்.